ஒரு கை தள்ளி

"மூணாவது வரிசை கோணல்" என்கிறார் ஸ்டீபன்ராஜ், மாதா கோயில் கேட்டுக்கு வெளியே நின்றபடி. உள்ளே நாற்காலி போடும் லூர்து திரும்பாமலே, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, சும்மா நில்லுப்பா" என்கிறார். கோணல்தான்.

போன மாதம்வரை ஞாயிறு பூசைக்கு நாற்காலி போட்டவர் ஸ்டீபன்ராஜ். வரிசைக்குப் பதினான்கு. ஒரு நாற்காலியின் கால் டைல்ஸ் கோட்டைத் தாண்டினால் வரிசை முழுவதும் மறுபடி.

வயது முப்பத்திரண்டு. மற்ற நாட்களில் மலைக்கோட்டையில் ஒரு மொத்தக்கடையில் பட்டன் பிரிக்கிறார். ஆட்டிசம் உள்ளவர். பொய் சொல்ல வராது, தோளில் கைபோட்டுப் பேச வராது. இரண்டும் வந்தால்தான் நம்மூரில் 'பழகத் தெரிந்தவன்'. பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய், "பிரசங்கம் இருபத்தெட்டு நிமிஷம் ஃபாதர். போன வாரம் பத்தொம்பது" என்பார். என்னிடம், "சார், போன வாரமும் இதே சட்டைதான்." யாரும் நெருங்கினால், "ஒரு கை தள்ளி நில்லுங்க."

நெருங்கியவன் நான். பூசையில் பக்கத்திலிருப்பவரோடு சமாதானம் பகிரும் நேரம். எல்லோரும் கைகூப்பினார்கள், எனக்கு அது போதவில்லை. பின்னாலிருந்து அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். உதறித் தள்ளினார். என் கண்ணாடி தெறித்தது. அவர் காதைப் பொத்திக்கொண்டு தூணோரம் குந்திவிட்டார்.

தள்ளினான் என்றால் கதை எடுபடாது. அறைந்தான் என்றேன். டீக்கடை போய்ச் சேர்வதற்குள் அறை இரண்டாகியிருந்தது. சாயங்காலம் பங்குப் பேரவைச் செயலாளர் போன் செய்தார்: "இவனுங்களே இப்படித்தான் சார், திடீர்னு கை நீட்டுவானுங்க. இனிமே உள்ள வர வேணாம்னுட்டோம்." நன்றி சொன்னேன்.

மறுவாரம் அவர் அக்கா ஷெர்லின் வழிமறித்தார். "பின்னாலேர்ந்து புடிச்சா உங்களுக்குத் தூக்கிவாரிப் போடாதா சார்? அன்னிக்குப் பூரா தன் கையைத்தான் கடிச்சுக்கிட்டான். அடிக்கலைன்னு ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"சொல்றேம்மா."

மூன்று ஞாயிறு ஆயிற்று. சாமியார் அறை கேட்டிலிருந்து இருபது அடி. இதைப் பத்திரிகையில் எழுதுவது அதைவிடப் பக்கமாக இருக்கிறது.

இன்று கடைசி வரிசையில், கேட்டை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். சமாதானம் பகிரச் சொன்னார்கள். திரும்பினேன். ஸ்டீபன்ராஜ் கம்பி வழியே கையை நீட்டினார். விரல் நுனி என்மேல் படவில்லை. இடைவெளி சரியாக ஒரு கை இருந்தது. கையை உள்ளிழுத்துக்கொண்டு, என் சட்டைப் பட்டனைப் பார்த்தபடி, கைகூப்பினார்.