சட்டம் விட்ட யன்னலும் ஞாயிற்றுப் பூசையும்

1. கணக்கில் இரக்கம் இல்லை

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன் நடந்தது. திரேசம்மாவின் நிரந்தர வதிவுரிமை பறிபோகும் நிலை. ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டாவது கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவரோ மன்னாரில் தாயுடன் தங்கிவிட்டார். மேன்முறையீட்டுக்கு முதல்நாள் கணவர் சூசையண்ணை என் அலுவலகத்துக்கு வந்தார்.

"நாள் கொஞ்சம் குறைஞ்சால் என்ன, லோயர்? நீதவான் மனசு வைச்சால் விடலாம்தானே?"

"பாராளுமன்றம் எழுதின கணக்கை நீதவான் அழிக்கேலாது, அண்ணை. இங்கிலாந்துச் சட்டத்திலையிருந்து வந்த முறை அது. அவருக்கு மேல பாராளுமன்றம்."

"அப்ப நாங்கள் என்னத்துக்குப் போறம்?"

"அதே பாராளுமன்றம் ஒரு யன்னல் விட்டிருக்கு. மனிதாபிமானக் காரணம் இருந்தால் அவர் தன்ர தற்றுணிபில, தானே யோசிச்சு முடிவெடுத்து, விடலாம். பட்ட கஷ்டத்தைச் சொல்லோணும், அவ்வளவுதான்."

தலையாட்டினார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

2. "ஒரு கஷ்டமும் இல்லை"

இப்போதெல்லாம் விசாரணை கணினித் திரையில். திரேசம்மா என் பக்கத்தில் இருந்தார். திரையில் ஒரு பெட்டிக்குள் நீதவான், இன்னொன்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். தாயைப் பார்க்க வேறு ஆட்கள் இல்லையா என்று நீதவான் கேட்டார். கேட்டது இரக்கத்தோடுதான்.

"சகோதரங்கள் இருக்கினம். நல்லாப் பாத்தவை. எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

படுக்கையில் கிடந்த தாயைச் சகோதரர்கள் கைவிட்டதை என்னிடம் அழுது சொன்னவர் இவர்தான். இடைவேளை கேட்டு, ஒலியை நிறுத்தினேன்.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்?"

"அந்த மொழிபெயர்க்கிற பெடியன் எங்கட கோயில்ல பாடுறவன், சேர். ஞாயிறு பூசைக்கு முதல் மொன்ட்ரியால்-நோர்ல இருக்கிற எங்கட சனம் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"நீதவானுக்குத் தெரிஞ்சால் பரவாயில்லையோ?"

"அவர் வெள்ளைக்காரன். ஆருக்குச் சொல்லப்போறார்?"

தெரிந்தவர் என்றால் மொழிபெயர்ப்பாளரே முதலில் சொல்லியிருக்க வேண்டும். அவரும் சொல்லவில்லை. திரேசம்மா ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளுக்குச் சமைத்தவர். பிரெஞ்சு வருமா என்று கேட்டேன்.

"சின்னப் பிள்ளையளோட கதைக்கிற பிரெஞ்சுதான்."

"நீதவானுக்கு அது காணும்."

மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவர் பிரெஞ்சிலேயே சொல்லட்டும் என்று கேட்டேன். நீதவான் சம்மதித்தார். மொழிபெயர்ப்பாளரின் பெட்டி திரையிலிருந்து மறைந்தது. மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்வதுபோல, திரேசம்மா நிறுத்தி நிறுத்தி, தாயின் படுக்கைப் புண்ணையும் சகோதரர்கள் பூட்டிவிட்டுப் போன கதவையும் சொன்னார். நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

வதிவுரிமை தப்பியது.

3. மெழுகுதிரி

"நீதவான் தங்கமான மனுசன்," என்றார் சூசையண்ணை. அந்த ஒரு பிரிவைப் பாராளுமன்றம் எழுதாமல் விட்டிருந்தால், அதே தங்கமான மனிதர் மிகுந்த வருத்தத்தோடு திரேசம்மாவை அனுப்பியிருப்பார். சொல்லிப் பார்த்தேன். "ஓம், ஓம்," என்றார்.

இளம் லோயர்களுக்கு: தற்றுணிபைச் சட்டம் எங்கே விட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு, மொழிபெயர்ப்பாளர் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று கேளுங்கள்.

அந்த ஞாயிறு சூசையண்ணை நீதவானுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினாராம். பாராளுமன்றத்துக்கு ஒன்றும் இல்லை.