நான் சொன்ன சாட்சியும் ரீட்டா அக்காவின் ஒற்றைக் கண்ணும்

இது நான் சொல்லும் இரண்டாவது சாட்சி. முதலாவது பிழை. அதைத் திருத்தாமல் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

என் பெயர் அந்தோனி. கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, துறைமுகத்தில் சாமான் கிளியர் பண்ணும் ஒரு கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவன். கஸ்டம்ஸ் படிவத்தில் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடக் கூடாது என்று பழகியவன். கதைக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவன் என்று என் மனைவி பிலோமினா சொல்வாள். கையில் மைக் கிடைத்தால் இன்னும் மோசம்.

போன வருடம் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முந்தி, வாசிப்புக் கண்ணாடி மாற்றுவதற்கு வெள்ளவத்தையில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். பேப்பர் எழுத்து மங்குகிறது, அவ்வளவுதான் என் முறைப்பாடு. அங்கே கண் பரிசோதிக்கும் பிள்ளை விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு கண்ணாடி தரவில்லை, ஒரு கடிதம் தந்தாள்.

"அங்கிள், இந்தக் கிழமையே கண் கிளினிக்குக்குப் போங்க. பிந்த வேணாம்."

கிளினிக்கில் குளுக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற வியாதி. எனக்கு நோகவில்லை, சிவக்கவில்லை. அது ஓரத்தில் இருந்து தின்றுகொண்டு வருமாம். நடுவுக்கு வரும்வரை ஆளுக்கே தெரியாதாம். போன பார்வை திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்றலாம் என்றார் டொக்டர். என் அப்பா கடைசி வருடங்களில் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். வயது போனால் அப்படித்தான் என்று இருந்துவிட்டோம். ஒருவரும் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவில்லை. அன்று கிளினிக்கில் ஆட்கள் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா, எனக்காகவா என்று எனக்கே தெரியாது.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் விடச் சொல்லி ஒரு சொட்டு மருந்து தந்தார்கள். நான் மருந்தும் விட்டேன், ஒன்பது நாள் செபமான நவநாளும் தொடங்கினேன். முழங்காலில் நின்று கேட்டேன். ஒன்றரை மாதத்தில் திரும்பிப் போனபோது அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. டொக்டர் சிரித்தார். "நல்லம், இப்படியே விடுங்க" என்றார். எனக்கு "நல்லம்" மட்டும்தான் காதில் விழுந்தது.

அந்தக் கிழமையே எங்கள் செபக்கூட்டத்தில் எழும்பிச் சாட்சி சொன்னேன். ஆண்டவர் என் கண்ணைத் தொட்டார், சுகமாக்கினார் என்றேன். கைதட்டு மண்டபத்தை அதிர வைத்தது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அன்று பின்னேரம் மருந்துப் போத்தலைக் கையில் எடுத்தபோதுதான் சிக்கல் வந்தது. சுகமாகிவிட்டது என்று நூறு பேருக்கு முன்னால் சொன்னவன் மருந்து விடலாமா? அது ஆண்டவரைச் சந்தேகிப்பது ஆகாதா? போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

"மருந்த நிப்பாட்டச் சொல்லி ஆண்டவர் சொன்னவரோ? எனக்குக் கேக்கல்லையே" என்றாள் பிலோமினா. விசுவாசம் இல்லாத பேச்சு என்று அவளை அடக்கினேன். பங்கில் கேட்டவர்களுக்கெல்லாம் மருந்தை நிப்பாட்டிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

இந்த இடத்தில் ரீட்டா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிராண்ட்பாஸில் பள்ளிக்கூட யூனிபோம் தைத்துக் கொடுக்கும் அம்மா. என்னை விட ஏழெட்டு வயது கூட. அவவுக்கும் இதே வியாதி, இதே கிளினிக். வலது கண் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணை வைத்துத்தான் தையல், சமையல், பூசை எல்லாம். நான் சாட்சி சொன்ன அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தம்பி, நல்ல வார்த்தை சொன்னீங்க" என்றா. நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அவவை நினைக்கவே இல்லை.

ஏழு மாதம் போனது. எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிலோமினாவுக்குத்தான் தெரிந்தது. ஞாயிறு பூசையில் பக்கத்தில் நிற்பவரைக் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும் நேரம், என் இடப்பக்கம் நின்ற ஆள் என்னைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார். நான் திரும்பவே இல்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. சாட்சி சொன்ன பிறகு அந்தோனிக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று ஆட்கள் கதைத்திருக்கிறார்கள். பிலோமினா வீட்டில் என் இடப்பக்கமாக வந்து நின்று கையை ஆட்டிப் பார்த்தாள். நான் பேப்பர் வாசித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த கிளினிக் நாளில் சட்டையைக் கையில் தந்து, "வெளிக்கிடுங்க" என்றாள்.

கிளினிக்கில் ஒரு கிண்ணம் மாதிரி மிசினுக்குள் நாடியை வைக்கச் சொன்னார்கள். ஓரங்களில் சின்ன வெளிச்சம் வரும், கண்டால் சுவிட்சை அமத்த வேண்டும். வெகு நேரமாக ஒன்றும் வராதபோது எனக்குப் பொறுக்கவில்லை. இப்ப ஒன்று வந்திருக்கும் என்று நினைத்து அமத்தினேன். கட்டத்தை வெறுமையாக விட்டுப் பழக்கமில்லையே. அங்கே நின்ற தாதி மிஸி வந்து தோளில் தட்டினா. "அங்கிள், லைட் வராத நேரமும் அமத்துறீங்க. திரும்பச் செய்யணும்." இரண்டாவது முறை உண்மையாகச் செய்தேன். கடதாசியில் இடப்பக்கம் கறுத்துப் போயிருந்தது.

"மருந்த நிப்பாட்டச் சொன்னது யார்?" என்று டொக்டர் கேட்டார். "அழுத்தம் இறங்கினது மருந்தால. சுகமானதால இல்ல. நிப்பாட்டினா ஏறும்."

அப்போதுதான் ரீட்டா அக்கா நெஞ்சில் வந்து நின்றா. வெளியே ஓடிப் போய் வாங்குகளைப் பார்த்தேன். அவ இல்லை. மிஸியிடம் கெஞ்சிக் கேட்டேன். கொப்பியைப் புரட்டிவிட்டு, இரண்டு தவணையாக வரவில்லை என்றா. அவவின் நம்பருக்குப் போன் எடுத்தால் வேலை செய்யவில்லை. பங்குக் கோவில் ஆட்களுக்குப் போன் எடுத்து விசாரித்தோம். மகளோடு இருக்க இரத்மலானைக்குப் போய்விட்டாவாம்.

அங்கிருந்தே பஸ் ஏறினோம். கண்மணி விரிய மருந்து விட்டிருந்ததால் எனக்குப் பஸ் போர்டு தெரியவில்லை, வெயில் ஊசி மாதிரிக் குத்தியது. பிலோமினா கையைப் பிடித்து ஏற்றினாள். காலி வீதி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு செபித்தேன். என் கண்ணைக் கேட்கவில்லை. "ஆண்டவரே, என் வாயால் போன கண்ணாக அது இருக்க வேண்டாம்" என்று மட்டும் கேட்டேன். வாழ்நாளில் நான் அவ்வளவு சுருக்கமாகச் செபித்ததில்லை. கல்கிசை தாண்டும்வரை திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன்.

ரீட்டா அக்கா தையல் மிசினில் இருந்தா. எங்களைக் கண்டு சந்தோஷப்பட்டா. நான் இருக்கவும் இல்லை, நின்றபடியே கேட்டேன்.

"அக்கா, கண்ணுக்கு மருந்து விடுறீங்களா?"

"இல்லயே. நீங்க நிப்பாட்டினீங்க எண்டு கேள்விப்பட்டன். நானும் நிப்பாட்டிட்டன்."

"ஆண்டவரை நம்பி நிப்பாட்டினீங்களா அக்கா?"

கையில் இருந்த துணியை மடியில் வைத்தா. அவவுக்குப் பொய் வராது.

"ஆண்டவர் எனக்கு ஒண்டும் சொல்லல்ல தம்பி. நீங்க படிச்ச ஆள். உங்கள நம்பித்தான் நிப்பாட்டினனான்."

நான் அந்தச் சீமெந்து நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவ கோபப்படவில்லை, பயந்துபோனா. அது கோபத்தை விடக் கொடுமையாக இருந்தது. இடது கண்ணைக் கையால் பொத்திப் பொத்திப் பார்த்தா. பொத்தினால் அவவுக்கு முழு இருட்டுத்தானே.

அடுத்த நாள் காலையில் மகளும் நாங்களும் அவவைக் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே அதே மிசின். கதவுக்கு வெளியே நான் செபமாலையை உருட்டினேன், ஒரு மணியும் மனதில் நிற்கவில்லை. வெளியே வந்த டொக்டர் இரண்டு கடதாசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அழுத்தம் நன்றாக ஏறியிருந்தது. ஆனால் பார்வை பழைய கடதாசியில் இருந்த மாதிரியே, மேல் ஓரத்தில் மட்டும் ஒரு சின்னத் துண்டு போயிருந்தது. "நேரத்துக்குக் கூட்டி வந்திருக்கிறீங்க. இனி விடாம பாவிச்சா இந்தக் கண்ணைக் காப்பாத்தலாம்" என்றார். ரீட்டா அக்கா என் முகத்தைப் பார்த்து, "தம்பி, அழாதீங்க, ஆக்கள் பாக்கினம்" என்றா. நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

என் இடப்பக்கப் பார்வை திரும்பவில்லை. அது திரும்பாது என்று எனக்குத் தெரியும். அதற்காக ஆண்டவர் என் செபத்தைக் கேட்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாசிப்புக் கண்ணாடி கேட்டுப் போன மனிதனின் கண்ணுக்குள் அந்தக் கடைப் பிள்ளை பார்க்கும்படி செய்தவர் அவர்தான். அந்தச் சொட்டு மருந்தும் அவர் தந்த உதவிதான். அதை நான்தான் அலுமாரிக்குள் பூட்டினேன்.

பங்குத் தந்தையிடம் கேட்டு, அதே செபக்கூட்டத்தில், அதே மைக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை. முடிந்த பிறகு மூன்று பேர் என்னிடம் வந்து, கிளினிக் எந்த நாள் என்று மெதுவாகக் கேட்டார்கள். அதில் ஒருவர் பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு உள்ளவர், ஒரு நாளும் கண் காட்டாதவர். பரம்பரையில் வரலாம் என்று டொக்டர் சொன்னதால் என் தம்பியும் என் இரண்டு பிள்ளைகளும் போய்க் காட்டினார்கள். தம்பிக்கு இந்த வியாதியின் தொடக்கம். இப்போது மருந்து விடுகிறான்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு ரீட்டா அக்கா போன் எடுப்பா. "தம்பி, விட்டாச்சா?" மருந்து விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அமத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் இரண்டு பேரும் போனிலேயே ஒரு பரலோகமந்திரமும் மூன்று அருள்நிறை மந்திரமும் சொல்லி முடித்துவிடுவோம்.

நாற்பது வயது தாண்டியவர்களே, சீனி வருத்தம் உள்ளவர்களே, தாய் தகப்பன் கண் மங்கிப் போனவர்களே, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றும்போதே போய்க் காட்டுங்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. செபியுங்கள், நன்றாகச் செபியுங்கள், ஆண்டவர் கேட்பார். ஆனால் இந்தச் சாட்சியைக் கேட்டுவிட்டு என்னை நம்ப வேண்டாம். ஒரு முறை ஒரு ஆள் என்னை நம்பினா.