அரைமுழத்தின் இருநூறு மாடுகள்

கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தோடு அவளுடைய வீட்டுப் பெயர் வழக்கொழிந்து போயிற்று. அரைமுழம் என்று கேட்டால்தான் வாசல் காவலாளிக்கே அடையாளம் தெரியும். காரணம், கை. சினை பார்ப்பதற்கு மாட்டின் பின்வழியே கையை விட்டால் மற்றவர்களுக்கு முழங்கைக்குச் சற்று மேலே போனால் போதும். அவளுக்குத் தோள் வரை போய், கன்னமும் மாட்டின் மேல் ஒட்டி, காது வாலோடு ரகசியம் பேசத் தொடங்கும். வால் சும்மா இருக்குமா? ஒருமுறை அது வீசிய வீச்சில் மூக்குக்கண்ணாடி பறந்து பக்கத்துத் தீவனத் தொட்டியில் விழுந்தது. அங்கே நின்ற மாடு அதை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் படித்த களையோடு திரிந்தது என்று கல்லூரியில் சத்தியம் செய்வார்கள். கண்ணாடி பறந்தவரைக்கும் உண்மை.

இந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் எதற்கு ஆசைப்பட்டாள்? நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போடவா, கிளிக்கு நகம் வெட்டவா? அதெல்லாம் இல்லை. கறவை மாடுகளின் இனப்பெருக்க நிபுணராக வேண்டும். நல்ல பசுவின் கருவை எடுத்து இன்னொரு பசுவின் வயிற்றில் வளர்க்கும் வித்தையைக் கரைத்துக் குடிக்க வேண்டும். முப்பது வயதுக்குள் சொந்த ஆய்வுக்கூடம். முப்பத்தைந்தில் நாடு நாடாக அழைப்பு வரும், அவளுக்குத்தான் நேரம் இருக்காது. இதையெல்லாம் ஐந்து நிற மையில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். தூக்கத்துக்கு மட்டும் எந்த நிறமும் ஒதுக்கப்படவில்லை.

“கல்யாணம் எந்தக் கலர்ல இருக்கு?” என்று அண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறவன். அடுத்தவர் பொருளைத் திறந்து பார்க்கக் கூடாது என்கிற விதி அவனுக்கு வேலை நேரத்தில் மட்டும்தான்.

“அதுக்கு மை தீர்ந்துபோச்சு. நீ போய் வாங்கிட்டு வா.”

“நான் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நீ மாட்டுக்குள்ள குடியே போயிடுவே.”

அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாளுக்கு முந்நூறு போர்வை மடித்துவிட்டு வந்து, வீட்டுப் போர்வையை மடிக்காமல் படுக்கிறவள். “தூங்குடி, கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுச்சு” என்று மகளிடம் தினமும் சொல்வாள். சொல்லி முடிப்பதற்குள் அவளே தூங்கிவிடுவாள்.

திட்டத்தின் முதல் படி ஒரு சிறப்புப் பயிற்சி. இடம் ஒன்றே ஒன்று. விண்ணப்பிக்கிறவர் இருநூறு மாடுகளைக் கையால் சினை பார்த்திருக்க வேண்டும்; பண்ணை மருத்துவர் அதற்குக் கையெழுத்திட வேண்டும். அரைமுழம் நூற்று நாற்பதை எப்போதோ முடித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஊர் நாய்களுக்கெல்லாம் வாந்திபேதி கண்டது. மூன்று வாரம் நாய் வார்டில் குளுக்கோஸ் ஏற்றியும் தரை கழுவியும் கழிந்தன. நாய்கள் தேறின, அவள் தேறவில்லை. கடைசி நாள் வந்தபோது, மாலை ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடுகிறது, கையில் பாக்கி அறுபது மாடு.

பெரிய பால் பண்ணை. இரும்புக் குழாய் அடைப்புக்குள் மாடுகள் வரிசையாக வந்து நின்றன. கொட்டகைக்காரர் கையில் அட்டையும் பேனாவும். பண்ணை மருத்துவர் அதே கல்லூரியில் ஐந்து வருடம் முன்னால் படித்தவள். அதற்குள் முதுகுவலியில் ஐம்பது வயதை எட்டியிருந்தாள். ஒவ்வொரு ஐந்தாவது மாட்டையும் ஸ்கேன் கருவி வைத்து அவள் சரிபார்ப்பாள். எல்லா மாட்டுக்கும் வைத்தால் பேட்டரி தாங்காது.

“அரை மணிக்கு மேல இதுக்கு மூச்சு வாங்கும். என்னை மாதிரியேதான்” என்றாள்.

மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்காத மாடு என்றால் அடிமாட்டு லாரி. பிற்பகல் மூன்றுக்கு வரும். போன மாடு திரும்பாது.

முதல் இருபது நன்றாகத்தான் போயின. முப்பதில் விரல்களில் எறும்பு ஊர்ந்தது. குடல் சுவர் இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க, கை இரவல் வாங்கியது போல ஆயிற்று. நாற்பத்தொன்றாவது ஒரு பருத்த கறுப்பு மாடு, சாது. உள்ளே சுகமான சூடு. கன்னத்துக்கு அடியில் தலையணை கணக்காகப் பின்தொடை. அசை போடும் சத்தம் தாலாட்டு மாதிரி வந்தது.

அரைமுழம் தூங்கிப்போனாள். நின்றபடி, தோள் வரை மாட்டுக்குள் கையோடு. தூங்கியது மட்டுமல்ல, கனவும் கண்டாள்: ஏதோ ஒரு நாட்டு விமான நிலையத்தில் இவளை வரவேற்க மாடுகள் மாலையோடு வரிசையில் நிற்கின்றன.

“சொல்லுங்க டாக்டரம்மா, என்ன எழுத?” என்றார் கொட்டகைக்காரர்.

“சினை இல்லை” என்றது அவள் வாய். அவர் எழுதிக்கொண்டார். அடுத்த மாடு வந்து நின்றது.

யாருக்கும் தெரியாது. மாட்டுக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கும். மிச்சம் பத்தொன்பதையும் பார்த்தாள். நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என நான்கையும் ஸ்கேன் சரி என்றது. ஒன்றே முக்காலுக்குப் பண்ணை மருத்துவர் கையெழுத்திட்டுத் தாளை நீட்டினாள்.

“இருநூறு. போய் அனுப்பிடு. அப்புறம் கையை ஐஸ்ல வை.”

தாளை வாங்கிக்கொண்டு அவள் வாசல் வரை போனாள். ஏழு மாடுகள் தனி அடைப்பில் லாரிக்காக நின்றன. கறுப்பு மாடு எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று, தூக்கத்தில் தன் மேல் சாய்ந்தவளைக் கொஞ்சமும் கோபமில்லாமல் பார்த்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அரைமுழம் அங்கேயே நின்றாள். களைப்பில் அழுகைகூட வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. திரும்பி நடந்தாள்.

“அக்கா, நாப்பத்தொண்ணை நான் பாக்கலை.”

“பாத்தியே. நான் பக்கத்துலதானே நின்னேன்.”

“கைதான் பாத்துச்சு. நான் தூங்கிட்டேன்.”

பண்ணை மருத்துவர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “உள்ள கை இருக்கும்போதா?”

“ஆமாம்.”

“குறட்டை வந்துச்சா?”

“தெரியலைக்கா.”

“வந்துச்சு” என்றார் கொட்டகைக்காரர், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் மாடுன்னு நெனச்சேன்.”

கறுப்பு மாட்டைத் திரும்ப அழைத்துவந்து ஸ்கேன் வைத்தார்கள். கருப்பை வெறுமையாக இருந்தது. தூக்கத்தில் சொன்னது சரியாகவே போயிற்று.

“போதுமா? சொன்னது சரிதான். கிளம்பு” என்றாள் பண்ணை மருத்துவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அரைமுழம் கிளம்பவில்லை. சுவரில் சாய்ந்து, தாளைப் பார்த்தபடி நின்றாள். நாற்பத்தொன்றில் தூங்கியவள் நாற்பத்திரண்டில் எவ்வளவு விழித்திருந்தாள்? யோசித்தாள். நாற்பத்தாறின் நிறம் ஞாபகமில்லை. ஐம்பத்தெட்டு என்று ஒரு மாடு வந்ததே ஞாபகமில்லை.

“அக்கா, மீதியையும் வெச்சுப் பாத்துடலாமா? ஸ்கேன் வெக்காத பதினஞ்சு இருக்கு.”

“நீ என்ன பேசறேன்னு தெரியுதா? ஏதாவது தப்பா இருந்தா நான் இந்தக் கையெழுத்தை அடிக்கணும். மணி ரெண்டு ஆகுது. வேற மாடும் இல்லை. அடிச்சா உனக்கு இந்த வருஷம் போச்சு.”

“தெரியுதுக்கா.”

“நான் வாயைத் திறக்க மாட்டேன். இவரும் திறக்க மாட்டார்.”

“நான் வெத்தலைக்குக்கூடத் திறக்கறதில்ல” என்றார் கொட்டகைக்காரர்.

அரைமுழம் சுவரை விட்டு நகர்ந்து, ஸ்கேன் கருவியின் வயரைச் சிக்கெடுக்கத் தொடங்கினாள். வலது கை ஒத்துழைக்கவில்லை. இடது கையாலும் பல்லாலும் எடுத்தாள். பண்ணை மருத்துவர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் புதுக் கையுறையை மாட்டினாள்.

முதல் எட்டும் சரி. ஐம்பத்திரண்டில் திரையில் இருண்டு பெரிதாக ஒன்று தெரிந்தது.

“சினைன்னு எழுதியிருக்கே. இது மூத்திரப்பைம்மா” என்றாள் பண்ணை மருத்துவர். “பாவம், இது காலைலேர்ந்து போகக்கூட விடாம வரிசைல நிக்குது.”

மாடு அதை ஆமோதிப்பது போல அங்கேயே போயிற்று. மூவரும் ஒதுங்கினார்கள். கொட்டகைக்காரர் மட்டும் ஒரு நொடி தாமதித்ததற்கான பலனைச் செருப்பில் அனுபவித்தார்.

ஐம்பத்தேழை லாரி அடைப்பிலிருந்து இழுத்து வந்தார்கள். சிவப்பு மாடு, எலும்பும் தோலும். ‘சினை இல்லை’ என்று எழுதியிருந்தது. பண்ணை மருத்துவர் கருவியை நகர்த்தினாள், நிறுத்தினாள், திரையை அரைமுழத்தின் பக்கம் திருப்பினாள். கறுப்பில் ஒரு சுண்டெலி அளவு வெளிச்சம். அதன் நடுவே ஏதோ ஒன்று படபடவென்று துடித்தது.

“ரெண்டு மாசம்” என்றாள்.

அரைமுழத்துக்கு இந்த மாடு நன்றாக ஞாபகம் இருந்தது. இதைப் பார்க்கும்போது அவள் விழித்துத்தான் இருந்தாள். நிதானமாகத் தடவிப் பார்த்தாள், சந்தேகமே இல்லாமல் சொன்னாள். விரல்கள்தான் செத்திருந்தன; அது அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. கொட்டகைக்காரர் ஐம்பத்தேழின் முதுகில் தட்டி, “நடடி, உனக்கு இன்னும் டிக்கெட் எடுக்கலை” என்று பழைய வரிசைக்கே ஓட்டிச் சென்றார். அது போகிற போக்கில் வழியில் கிடந்த ஒரு வாய் வைக்கோலையும் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

மிச்சத்தையும் பார்த்து முடித்தபோது பேட்டரி உயிரை விட்டது. பண்ணை மருத்துவர் தன் கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் நூற்று எண்பது என்று எழுதினாள். அன்றைக்குப் பார்த்ததில் நாற்பதுக்கு மேல் எதையும் கணக்கில் எடுக்கவில்லை. கோடு இழுக்கையில் பேனா எழுதாமல் இரண்டு தடவை உதற வேண்டியிருந்தது.

“அடுத்த வருஷம் இதே மாசம் திரும்பக் கூப்பிடுவாங்க” என்றாள்.

“சரிக்கா.”

“ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல நான் பாக்க விடமாட்டேன். என்னையும் அப்படி யாராவது தடுத்திருந்தா இந்த இடுப்பு மிஞ்சியிருக்கும்.”

அண்ணன் பார்சல் வண்டியோடு வாசலில் காத்திருந்தான். விண்ணப்பத்தை அனுப்ப அவளைக் கல்லூரியில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. தங்கை சாணமும் வைக்கோலுமாக வந்து ஏறியதைப் பார்த்து மூக்கைப் பிடித்தான்.

“நேரா காலேஜ்தானே?”

“வேணாம். வீட்டுக்குப் போ.”

“என்னாச்சு?”

“இருபது மாடு குறையுது. இனிமே அடுத்த வருஷம்தான்.”

அவனிடம் கேலிக்குப் பத்து வசனம் எப்போதும் தயாராக இருக்கும். அவள் வலது கையை இடது கையால் தூக்கி, குழந்தையைக் கிடத்துவது போல மடியில் வைத்ததைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தான். முதல் திருப்பத்துக்கு முன்பே அவள் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது.

வீட்டு வாசலில் வண்டி நின்றபோது நாலே முக்கால். அவன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கவில்லை. சலவைக்கூடத்திலிருந்து வந்த அம்மா, வண்டிக்குள் மகள் வாய் திறந்து தூங்குவதைப் பார்த்துக் கதவில் கை வைத்தாள்.

“ஏண்டா வண்டிலயே போட்டு வெச்சிருக்கே? அஞ்சு மணிக்குள்ள ஏதோ அனுப்பணும்னாளே. எழுப்புடா.”

“அனுப்பலையாம். அடுத்த வருஷமாம்.”

அம்மா குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். “ரொம்ப அழுதாளா?”

“அழறதுக்கு முழிச்சிருக்கணும்ல.”

“அப்போ உள்ள தூக்கிட்டு வா, கழுத்து வலிக்கும்.”

“வேணாம்மா. எழுப்பினா படிக்க உக்காந்துடும்.”

மேற்கு வெயில் கண்ணாடி வழியாக அவள் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது. அம்மா பைக்குள் கை விட்டு, அன்று முந்நூறு போர்வை மடித்த கையால் தன் துண்டை எடுத்து விரித்து, ஜன்னலின் மேல்விளிம்பில் செருகினாள். அது நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து மணி ஆகி, ஐந்தேகாலும் ஆயிற்று. கால் மாற்றி நின்றாளே தவிர, துண்டை விடவில்லை.