டெஸ் பாஸ்கோவின் முதல் கேள்வி

“ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே வைஃபைலதானே இருக்கு?”

போனை எடுத்ததும் டெஸ் பாஸ்கோ கேட்பது இதைத்தான். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். அழைப்பவர்கள் மென்பொருள் எழுதுகிறவர்கள். இந்த அறைக் கணினியில் ஓடும் தங்கள் நிரல், அடுத்த அறையில் ஓடும் நிரலைக் கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறதென்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் லான்செஸ்டன் ஊரிலிருக்கும் டெஸ்ஸுக்குப் போன் போடுவார்கள். ஒரே வலையில் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் நிரலை எழுதியவர் அவர். கேள்வி சுருக்கென்று தைக்கும்.

“என்னைச் சின்னப் பிள்ளைன்னு நெனச்சியா, டெஸ்?”

“சின்னப் பிள்ளையா இருந்தா அதைத்தான் மொதல்ல பாத்திருக்கும். போய்ப் பாரு, போ.”

சற்று நேரத்தில் மறுமுனையில் அசட்டுச் சிரிப்பு. ஒன்பது வருடமாக எதிர் மேசையில் இருக்கிற எனக்கும் அது கேட்கும்.

“பேர் சொல்லிக் கூப்பிடணும், அவ்ளோதான். காது கேக்குற தூரத்துல இருந்தா பதில் வரும்,” என்பார், ரொட்டித் தூளைப் பச்சை ஸ்வெட்டரில் துடைத்தபடி.

அலுவலகம் என்பது அவர் வீட்டுப் பின்னறை. ஓரத் திரையில், வீட்டு வலையில் இருக்கும் ஒவ்வொன்றின் பெயரும் ஒரு பட்டியலாக ஓடும். பிரிண்டர், சமையலறை ரேடியோ. முன்பெல்லாம் மாலை நாலு மணிக்கு ‘பிப் வந்தாச்சு’ என்று ஒரு வரி எட்டிப்பார்க்கும். மகள் பிப் தன் மடிக்கணினிக்கு வைத்த பெயர். கேட் சத்தத்துக்கு முன்பே அது வந்துவிடும். டெஸ் எழுந்து போய் அவளுக்கு டீ போடக் கெட்டிலைப் போடுவார்.

பிப் தொலைவில் டார்வின் நகரத்துக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. சொல்லாமல் வெளியேறும் கணினியின் பெயர் பட்டியலில் கொஞ்ச நேரம் தங்கும். அவள் கிளம்பிய அன்று ஒன்றேகால் மணி நேரம் தங்கியது. அதுவரை டெஸ் எந்தப் போனையும் எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை வந்திருந்தாள், ஒரே ஒரு ராத்திரிக்கு. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார் டெஸ். சமையலறை மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பட்டியலில் அவளைக் காணோம்.

“பழைய லேப்டாப்தானே? பேரை மாத்திட்டியா?”

“அதேதான்ப்பா. மாத்தல.”

டெஸ் தன் நிரலை நிறுத்தி ஓடவிட்டார். கணினியின் ஃபயர்வாலைத் திறந்து பார்த்தார். ரௌட்டரைப் பிடுங்கிச் செருகினார்.

“அப்பா, கறி ஆறுது. வந்து உக்காரு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “டெஸ், ரெண்டும் ஒரே வைஃபைலதானே இருக்கு?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மகளை.

“லேப்டாப்ல இருந்த பழைய வைஃபையெல்லாம் அழிச்சிட்டேன், பாஸ்வேர்டும் மறந்துபோச்சுப்பா. ஃபிரிட்ஜ்ல விருந்தாளிங்களுக்குன்னு ஒட்டியிருக்கியே, அதைப் போட்டுக்கிட்டேன்.”

விருந்தாளிகளின் வைஃபை தனி. அதில் இருப்பவர்களின் பெயர் வீட்டுக்குள் கேட்காது. அப்படிப் பிரித்து வைத்தவரே டெஸ்தான்.

ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் வீட்டுப் பாஸ்வேர்டை எழுதி அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எதுக்குப்பா? காலைல பிளேன். இதுவே நல்லாத்தான் ஓடுது.”

“சும்மா வெச்சுக்கோ.”

குழாயைத் திறந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். அதன் மின் தட்டில் வைத்தார். திறந்திருந்த கதவு வழியே பின்னறைத் திரையில் ஓடும் பட்டியலைப் பார்த்தபடி, பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு, அழுத்தாமல் நின்றார்.