தொந்தரவு பிடித்த சத்தம்

இந்த வாரம் சிரிப்பதற்கு எதுவும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை ரெங்கத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் பிரான்சிஸ், ஒரு காலத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். தினமும் செனாய்க்குக் காரில் வேலைக்குப் போய் வந்தவர். செம்பனைத் தோட்டத்துப் பாதையிலிருந்து ஒரு லோரி திடீரென்று வெளியே வந்திருக்கிறது… பிரேக் போட்டும் கார் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக ஊழியருக்குக் கையில் ஒரு கட்டு, அவ்வளவுதான். பிரான்சிஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ரோட்டில் போய் விழுந்துவிட்டார்.

துக்க வீட்டில் நாம் என்ன பேசுவோம்?

"விதி" என்றார் ஒருவர். "அந்த ரோடே சரியில்ல லா" என்றார் இன்னொருவர். என்னைத் தன் காரில் அழைத்து வந்த நண்பர் செல்வம் ஒரு படி மேலே போனார். பிரான்சிஸின் மனைவி ரீத்தாவிடம், "மனச தேத்திக்கம்மா. ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாரு. நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

நானும் தலையாட்டினேன். விதி, ரோடு, ஆண்டவர் - மூவருமே எதிர்த்துப் பேச மாட்டார்கள் அல்லவா?

ரீத்தா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். விரலளவு இரும்புத் துண்டு. சீட் பெல்ட்டின் முனை மாதிரியே இருக்கும். பெல்ட் மட்டும் இருக்காது. பூட்டில் செருகிவிட்டால் போதும், நாம் பெல்ட் போட்டுவிட்டோம் என்று கார் நம்பிவிடும். 'பீப் பீப்' என்று கத்தாது.

"ஆண்டவர் மேல போடாதீங்கண்ணே. இத ஆன்லைன்ல வாங்குனது நான்தான். அந்தச் சத்தம் தலவலியா இருக்குன்னு சொன்னாரேன்னு வாங்கிக் குடுத்தேன். மாட்டிட்டு, இப்பதான் நிம்மதின்னாரு…"

அந்தத் துண்டை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள். 'நீ என்னம்மா செய்வே' என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் இன்னொரு 'விதி'தான் என்று தோன்றியது.

லோரிக்காரர் மேல் தப்பே இல்லையா? இருக்கிறது. அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த இரும்புத் துண்டு அவர் கொடுத்ததல்லவே. ஆபத்து என்று எச்சரிக்க ஒரு சத்தத்தை வைத்துத் தருகிறார்கள். நாம் காசு கொடுத்து அதன் வாயை அடைக்கிறோம். பிறகு விதி என்கிறோம்.

திரும்பும்போது செல்வம் காரில் ஏறி உட்கார்ந்தார். பிறகு சீட்டின் ஓரத்தில் கையை விட்டு எதையோ பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வரும்போதும் இதே காரில்தான் வந்தோம். ஒரு சத்தமும் இல்லை.

காரை ஸ்டார்ட் செய்தார். பீப்… பீப்… பெல்ட்டை இழுத்தார். பூட்டில் மாட்ட வரவில்லை. அது கத்திக்கொண்டே இருந்தது. இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

பிரான்சிஸின் காதில் விழுந்திருக்க வேண்டிய சத்தம்.