மூன்று நாற்பதுக்கு யாரும் ஆட்சேபிக்கவில்லை

தொழில்துறை அலுவலகத்து ஸ்டெனோவுக்கு இருபத்தாறு வருஷமாக ஒரே வியாதி: யார் பேசினாலும் விரல் எழுதும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர்கள் வம்பளந்தால் இவள் விரல் முழங்காலில் சுருக்கெழுத்துப் போடும். "உன்கூட சண்டை போடவே பயமாயிருக்கு, எல்லாம் ரெக்கார்டாயிடும்" என்று கணவர் கிண்டலடிப்பார். கூட்டங்களில் அவளுக்குக் காதுக்கும் கைக்கும்தான் வேலை. வாயைத் திறந்ததே இல்லை. திறந்தால்தான் யார் கேட்கப் போகிறார்கள், பாவம்!

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் துணைச் செயலாளர் ஒரு ஃபைலை அவள் மேஜையில் வைத்தார்.

"மேடம், இதை நம்ம லெட்டர்ஹெட்ல அடிச்சு வெச்சிடுங்க. இன்னிக்குக் கூட்டத்தோட மினிட்ஸ்."

"கூட்டம் மூணு மணிக்குத்தானே சார்?"

"அதனாலதான் இப்பவே தர்றேன்" என்று அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு நழுவினார்.

கூட்டக் குறிப்பின் தலைப்பு, வருகிறவர்கள் பட்டியல் எல்லாம் முன்கூட்டியே அடித்து வைப்பது எந்த ஆபீஸில்தான் இல்லை? ஆனால் இது வேறு ரகம். 3.10: வெளிநாட்டு ஆலோசகர் இருமினார், தண்ணீர் கேட்டார். 3.25: மின்சாரம் நான்கு நிமிடம் தடைப்பட்டது. 3.40: நிலக்கரி எரிக்கும் உருக்கு உலைகளை இந்த வருஷ முடிவுக்குள் மூடுவதென முடிவு, யாரும் ஆட்சேபிக்கவில்லை. காரணமும் போட்டிருந்தது. மூடாவிட்டால் நம் இரும்பை வாங்கும் நாடுகள் தங்கள் துறைமுகத்திலேயே கார்பன் வரி போடும். காற்றாலைக்குத் தருவதாகச் சொன்ன கடனையும் நிறுத்திவிடும்.

அந்த உலைகளில் ஒன்றின் முன்னால்தான் அவள் தம்பி பதினெட்டு வருஷமாக வேகிறான். முந்தின நாள்தான் போனில் கெஞ்சியிருந்தான்.

"மாத்த மாட்டோம்னு சொல்லலைக்கா. மின்சார உலைக்கு மாற பத்து வருஷம் டைம் கேக்கறோம். அந்த நாட்டுக்காரங்க இருநூறு வருஷம் நிலக்கரி எரிச்சாங்களே! நாலாயிரம் குடும்பம் இருக்கு. அந்த ரூம்ல யாராவது ஒரே ஒரு தடவை இதைச் சொல்லணும்க்கா."

"சொல்லுவாங்கடா, கவலைப்படாதே" என்று இவளும் வாய்கூசாமல் சொல்லியிருந்தாள்.

அடித்து முடித்தாள். கடைசித் தாளில் 'இணைப்பு' என்றிருந்தது. பிரதி யார் யாருக்கு என்ற பட்டியலாகத்தான் இருக்கும் என்று அதை அடிக்காமல், படிக்காமலேயே ஃபைலை மூடி வைத்தாள்.

மூன்று மணிக்குச் செயலாளர் தலைமையில் கூட்டம் தொடங்கியது. மூன்று பத்துக்கு ஆலோசகர் இருமினார், தண்ணீர் கேட்டார். இருமல் யாருக்குத்தான் வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மூன்று இருபத்தைந்துக்கு விளக்கு அணைந்தது. திரை போட்ட அந்த அறையின் இருட்டில் ஒருவர்கூட 'ச்சே' என்று சொல்லவில்லை; ஒரு நாற்காலிகூட நகரவில்லை. நான்கு நிமிடம் கழித்து வெளிச்சம் வந்தபோது செயலாளர் தூக்கிய கையோடு அப்படியே இருந்தார். விட்ட வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். அதைவிடப் பயங்கரம், அவள் குறிப்பேட்டில் அவருடைய அடுத்த மூன்று வாக்கியமும் ஏற்கெனவே இருந்தன. அவளுடைய கையெழுத்தேதான்.

மூன்று நாற்பது.

"ஆட்சேபம் ஏதாவது?" என்றார் செயலாளர்.

அவள் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"இருக்கு சார். பத்து வருஷம் டைம் வேணும். இருநூறு வருஷம் எரிச்சவங்க முன்னாடி நமக்குப் பத்துகூடவா கிடையாது? நாலாயிரம் குடும்பம் சார்!"

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஆலோசகர் தன் முன்னாலிருந்த மினிட்ஸ் பிரதியில் ஒரு தாளைப் புரட்டினார். எல்லாரும் அதே நேரத்தில் புரட்டினார்கள்.

"தேங்க்யூ மேடம், உட்காருங்க" என்றார் செயலாளர், மிகவும் அன்பாக.

கூட்டம் முடிந்து தன் மேஜைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த இணைப்பை எடுத்தாள். ஒரே ஒரு வரிதான் இருந்தது.

3.41: ஸ்டெனோ எழுந்து பேசினார். குறிப்பில் சேர்க்க வேண்டாம்.

அடப்பாவிகளா! அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, யாராவது சொன்னாங்களா?"

"சொன்னாங்கடா."

"நிஜமாவா! யாருக்கா அது? பேரு என்ன? அந்த ஆளுக்கு நன்றி சொல்லணும்க்கா."

அவள் அந்தத் தாளை இன்னொரு தரம் பார்த்தாள்.

"பேர் போடலைடா."