இமைகளை எண்ணிய வேணி

பூமாலைக்கு முதலில் போனது விசில். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே ஓடும் தனியார் பேருந்தில் பத்தொன்பது வருடம் நடத்துநராக இருந்தவர். விக்கிரவாண்டியில் ஒருநாள் ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஆறு மாதத்தில் டிக்கெட் கிழிக்க விரல் வரவில்லை. அடுத்த வருடம் பேச்சு குழறி, பிறகு நின்றே போனது.

மோட்டார் நியூரான் நோய் என்றார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும், புத்தி மட்டும் தெளிவாக இருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவர் மனைவி வேணி யாரிடமும் சொல்லவில்லை. ஓமந்தூர் பள்ளியில் சத்துணவு சமைக்கும் வேலைக்கு நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள்.

படுத்தால் மூச்சு முட்டியது. பேருந்துக்காரர்கள் சேர்ந்து பைபாப் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். இழுக்கத் தெம்பில்லாத நெஞ்சுக்கு அது முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும். மூக்குத்தண்டில் புண் வராமலிருக்க வேணி பஞ்சு வைத்துக் கட்டுவாள். அவர்களுக்குள் ஒரு பேச்சும் இருந்தது. கண்ணை ஒருமுறை மூடினால் ஆமாம், இருமுறை மூடினால் வேண்டாம்.

சித்திரையில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே முகமூடி பத்தாதும்மா. தொண்டையில ஓட்டை போட்டு வென்டிலேட்டர் வெக்கலாம். வருஷக்கணக்கா இருக்கலாம். ஆனா அதை விட்டு எழுந்திருக்க முடியாது. அவரையே கேட்டுச் சொல்லுங்க."

வேணி குனிந்தாள். "ஏங்க, தொண்டையில ஓட்டை போடலாமா?"

கண் மூடித் திறந்தது. நர்ஸ் வந்து குளுக்கோஸ் பாட்டிலை மாற்றினாள்; கட்டில் லேசாக ஆடியது. அதற்குப் பிறகு இன்னொருமுறை மூடித் திறந்தது.

"வேணாங்கறாரு," என்றாள் வேணி.

வீட்டுக்குக் கொண்டுவந்த ஒன்பதாம் நாள் காலை அவர் போய்விட்டார். முகமூடிக்குள் இயந்திரம் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அது ஆரம்பித்தது. தட்டை நீட்டும் பிள்ளையிடம் "போதுமா?" என்று கேட்டுவிட்டு, கரண்டியைத் தூக்கியபடி அதன் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர்களின் இமைகளை எண்ணுவாள். மனிதர்கள் சும்மாவே இத்தனை முறை கண் மூடுகிறார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வீட்டில் அவர் படத்திடமும் கேட்டுப் பார்த்தாள். படத்தில் அவர் கண்ணை மூடவே இல்லை.

திண்டிவனத்தில் மல்லாட்டை எனும் வேர்க்கடலையை விற்கும் நேமிராஜுக்கும் அதே நோய் என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். வேணி இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள். அவர் பேச்சு குழறினாலும் இன்னும் புரிந்தது. அவர் மனைவி அனந்தவல்லிக்கு முகமூடி வார் மாட்டவும் பஞ்சு வைக்கவும் காட்டிக்கொடுத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. தொண்டையில ஓட்டை போடலாமா வேணாமான்னு ஒருநாள் கேப்பாங்க. வாய் வரும்போதே சொல்லி வெச்சிடுங்க. இவங்கள உங்க கண்ணப் பாத்து எண்ண வெக்காதீங்க."

அனந்தவல்லியின் முகம் சிவந்தது. "இன்னா பேச்சு இது? மெஷின் குடுக்க வந்தா குடுத்துட்டுப் போங்க."

கொடுத்த மோரைக் குடிக்காமலே வேணி வந்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, பருப்பு கொதிக்கும் நேரத்தில் அனந்தவல்லி போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினாள்.

"அக்கா, அன்னிக்கு பேசினத மனசுல வெச்சுக்காதீங்க. அவரே வாயத் தொறந்து சொல்லிட்டாரு. ஓட்டை போடட்டும், நான் இருக்கறேன்னாரு. எழுதி ரேகையும் வெச்சாச்சு. வேணாம்னுதான் சொல்வாருன்னு நான் நெனச்சுக்கினு இருந்தேங்க்கா."

"நல்லதும்மா," என்றாள் வேணி.

போனை மடியில் வைத்துக்கொண்டு சமையற்கூடத்துப் படியில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் குனிந்து கேட்பதற்கு முன்பே அவளும், அவர் வேண்டாமென்றுதான் சொல்வார் என்று நினைத்திருந்தாள். உள்ளே பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. எழுந்து அடுப்பை அணைக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.